பூஜை அலமாரியில் லேப்டாப்

மகள் பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் அவளுடைய பள்ளியில் பாடப்புத்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். எல்லாம் லேப்டாப்பில் இருக்கிறதாம். புத்தகம் என்றால் காபி கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்து, எந்தப் பாடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். இது அப்படியா? நான் அறைக்குள் போனால் திரையில் தவளையின் இதயம். வெளியே வந்தால் உள்ளே சிரிப்புச் சத்தம். தவளை இதயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

"யார்கிட்டடி பேசிக்கிட்டிருக்க?"

"யார்கிட்டயும் இல்லமா. பாடத்துல வீடியோ வருது."

"வரும், வரும்!"

ஆயுத பூஜை வந்தது. பாடப்புத்தகங்களைச் சாமி முன் அடுக்கிப் பொட்டு வைத்தால் மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் நெல்லித்தோப்பு வீட்டு வழக்கம். அடுக்கப் புத்தகம் ஏது? லேப்டாப்பைத் துடைத்து அலமாரியில் வைத்து, அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டேன். அன்று வீடு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அதனால் மறுநாள் பூஜை முடிந்தும் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இனிமே இது இங்கதான் இருக்கும். சாயங்காலம் எடுத்துத் தரேன். எம் முன்னாடி உக்காந்து பாடத்த நோட்டுல எழுதிக்கிட்டு மூடிடணும். நோட்ட வெச்சுப் படி."

"கை ஒடிஞ்சிடும்மா!"

"ஒடியட்டும். நாங்கல்லாம் எழுதித்தான் படிச்சோம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். வாய்விட்டுப் படிக்கிற சத்தம் சமையலறை வரை கேட்டது. என் மனசும் கொஞ்சம் ஆறியது.

அடுத்த மாதம் பள்ளியில் கூப்பிட்டார்கள். வகுப்பு ஆசிரியை தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் பாடத்தைத் திறந்து வைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியுமாம். திரையில் பிள்ளைக்கு ஒரு கோடு. இருந்த கோடுகளிலேயே குட்டை என் மகளுடையது. நான் அதை வேவு பார்த்தால் அது என் வீட்டை வேவு பார்த்திருக்கிறது!

"உங்க பொண்ணு வீட்ல சரியா தொறக்கறதே இல்லம்மா. இப்படியே போனா பயாலஜி குரூப்புல வெச்சிருக்க முடியாது."

நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. பயாலஜி போனால் அதுவும் போச்சு. மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நாந்தான் மிஸ் மூடி வெச்சேன், பூஜ அலமாரியில. அவ நோட்டுல எழுதிப் படிக்கறா."

ஆசிரியை சிரித்தார். "பொண்ணுக்குப் பரிஞ்சு பேசாத அம்மா யாரு? அடுத்த மாசம் இந்தக் கோடு ஏறட்டும், அப்ப நம்பறேன்."

சத்தியமான பேச்சைப் பேசிவிட்டுப் பொய்க்காரியாக வீடு திரும்பினேன்.

அன்று முதல் லேப்டாப் சமையலறை மேடைக்கு வந்துவிட்டது. மகளுக்கு இப்போது நோட்டில்தான் படிப்பு மண்டையில் ஏறுகிறதாம். அவள் அந்தப் பக்கம் படிக்கட்டும் என்று, இந்தப் பக்கம் நான் காய் நறுக்கிக்கொண்டே திரையில் பாடத்தைப் பக்கம் பக்கமாகத் தள்ளுகிறேன். திரை அணையப் பார்த்தால் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஒரு தட்டு.

மறுபடி கூப்பிட்டபோது கோடு கிடுகிடுவென்று ஏறியிருந்தது. குரூப் தப்பியது.

"பாருங்க, இப்பதான் உண்மையா படிக்கறா" என்றார் ஆசிரியை.

மகள் குனிந்துகொண்டாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"ஆமாங்க மிஸ், வீட்ல அத விட்டு நகர்றதே இல்ல" என்றேன்.