திக்காத படம்

டிப்போவில் எல்லோருக்கும் அவர் மிஷின்காரர். கண்டக்டர்களின் டிக்கெட் மிஷின் மக்கர் பண்ணினால் அவர் மேஜைக்குத்தான் வரும். வந்ததும் திறந்து பார்க்க மாட்டார். ஒரு டிக்கெட்டை அடிக்கவிட்டு, மிஷினைக் காதோடு வைத்துக் கேட்பார். "ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். திறந்தால் ரோலர்தான் தேய்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் காது அவரை ஏமாற்றியதே இல்லை.

வீட்டுக் கதை வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவர் மனைவியின் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை. ஆனால் தன் குரலின் அளவு தெரியாமல், சில நேரம் தெருவுக்கே கேட்கும்படி பேசுவாள். சில நேரம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. உதடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். "உங்க மீசைதாங்க குறுக்க நிக்குது" என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் காலை மீசை இல்லை. "யாருய்யா நீ, எங்க மிஷின்காரர் எங்க?" என்று ஸ்டோர்கீப்பர் ஒரு வாரம் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்.

படத்தில் நடிப்பவர்களிடம் போய் மீசையை எடுக்கச் சொல்ல முடியுமா? முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள், இருட்டில் பேசுவார்கள். ஒரு காலத்தில் தியேட்டரில் அவள் சிரித்தால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இப்போது டிவி போட்டதும் அடுத்த அறைக்குப் போய், மடித்த துணிகளை மறுபடி மடிப்பாள். அந்த அறையிலிருந்து அவளைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிஷின்காரருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் வழி சொன்னாள். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு சிரிப்புப் படத்தை எடுத்து, அதன் வசனம் முழுவதையும் நாலு வாரம் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். படம் ஓடும்போது எழுத்தும் கூடவே பெரிதாக ஓட வேண்டும். அதற்கு டிவியோடு ஒரு கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், அதன் மேல் ஒரு மீடியா சென்டர் மென்பொருள். என்னென்ன வேண்டும் என்று ஒரு வேலைச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். பிராசஸர் அறுபத்துநாலு பிட். மெமரி இரண்டு ஜி.பி. போதும். கிராபிக்ஸ் சிப் வீடியோவைத் தானே பிரித்துத் தர வேண்டும். கூடத்தில் வைப்பதால் சத்தம் கூடாது.

மூன்றாவது வரி மிஷின்காரருக்குச் சரியாகப் புரியவில்லை. புரியாததைத் தாண்டிப் போய், அதற்கு ஈடாக மெமரியை எட்டு ஜி.பி. ஆக்கினார். டிப்போ அலுவலகம் கழித்துப் போட்ட பெரிய கம்ப்யூட்டர் அது. ஃபேனைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, பஸ் ஜன்னல் ரப்பரை வெட்டி அடியில் கொடுத்தார். தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரிமோட் சென்சாருக்கு ஈயம் வைத்தபடியே ஒரு முழுப் படத்தை ஓடவிட்டார். பாட்டும் வசனமும் தண்ணீராக ஓடின. சீட்டில் எல்லா வரிக்கும் நேராக டிக் போட்டார்.

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒரு தடவைதான் உக்காருவேன். சரியா வரலன்னா மறுபடி கூப்பிடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பத்தாவது நிமிஷம் எழுந்துவிட்டாள்.

"படம் திக்குதுங்க."

"எங்க திக்குது? நல்லாத்தானே ஓடுது!"

அவள் அவர் பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளை இறுக்கப் பொத்தினாள். "இப்பப் பாருங்க."

பார்த்தார். ஒருவன் கதவைத் திறக்கிறான், அப்படியே நிற்கிறான், அடுத்த கணம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நடந்து போனதைக் காணோம். முகம் இன்னும் வாயே திறக்கவில்லை, கீழே எழுத்து மாறிவிட்டது. இத்தனை நாளும் இந்த மிஷின் காதுக்கு மட்டும் படம் காட்டியிருக்கிறது. அவரும் காதால் மட்டுமே பார்த்திருக்கிறார்.

கையை எடுத்துவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

"மூணாவது வரியப் படிச்சியாப்பா?" என்றாள் மகள். அவள் திரையின் மூலையில் கணக்குக் காட்டும் வரியைத் திறந்தாள். பிராசஸர் நூற்றுக்கு நூறு. தவறவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. புதுமுறையில் சுருக்கிய வீடியோ. அந்தப் பழைய சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. கண்டக்டரே வண்டியையும் ஓட்டினால் எப்படி இருக்கும்? பிராசஸர் அந்தப் பாடுதான் பட்டுக்கொண்டிருந்தது. எட்டு ஜி.பி. மெமரி காலி சீட்டு மாதிரி சும்மா கிடந்தது.

"இந்தப் படத்த மட்டும் பழைய முறைக்கு மாத்திடலாம்பா."

"ஒரு படத்தோட முடியுற கதையாம்மா இது?"

டிப்போவில் பஸ் நேரம் காட்டும் திரைகளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பெட்டிகள் இருந்தன. போன மாதம் திரைகளை மாற்றியபோது அவை ஸ்டோருக்கு வந்துவிட்டன. ஃபேனே கிடையாது. மெமரி வெறும் இரண்டு ஜி.பி. ஆனால் சிப் புதுசு. சிப்பின் எண்ணை நெட்டில் தேடிப் பார்த்தார். மூன்றாவது வரி சொன்ன வேலை அதற்குத் தெரியும்.

"இதையா கேக்குற? டிபன் பாக்ஸ் கணக்கா இருக்கு!" என்றார் ஸ்டோர்கீப்பர். "அவ்ளோ பெரிய தடியன் செய்யாததை இது கிழிச்சிருமா?"

"கிழிக்கக்கூடாதுண்ணே. அதான் விஷயம்."

"மீசைய எடுத்ததுலேர்ந்து உனக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கழிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

டிப்போ சாப்பாட்டு அறை டிவியில் மாட்டி ஓட்டினார். இரண்டு காதிலும் பஞ்சு. எட்டிப் பார்த்த ஸ்டோர்கீப்பர் என்னவோ கேட்டார். இவருக்குக் காதில் விழவில்லை. படம் மறுபடியும் திக்கியது. மகளுக்குப் போன் போட்டார். பஞ்சை எடுக்க மறந்து நாலு தடவை "ஹலோ" சொன்னார். சிப்புக்கான டிரைவர் மென்பொருளை இன்னும் போடவில்லை என்று தெரிந்தது. அதைப் போட்டு, வீடியோவைப் பிரிக்கும் வேலை சிப்புக்கே என்று அமைப்பில் மாற்றினார். பஞ்சு காதில் இருந்தபடியே மூன்று நாள் மதியமும் பார்த்தார். கதவு திறந்தது, ஒருவன் ஒவ்வொரு அடியாக நடந்து போய் உட்கார்ந்தான். தவறியது பூஜ்யம்.

ஆனால் கூப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாளே! கூப்பிடவில்லை. சரிசெய்த டிக்கெட் மிஷின் ஒன்றில், சோதனை டிக்கெட்டாக, ஒன்று அடித்து எடுத்துப் போய் அவள் மடித்த துணியின் மேல் வைத்தார்.

ஞாயிறு 3 மணி. சீட் எண் 1. திக்கினால் நானே இறங்கிவிடுகிறேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இறங்குற இடம் போடலயே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

ஞாயிறு வந்து உட்கார்ந்தாள். டிக்கெட் கையிலேயே இருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. மிஷின்காரர் திரையைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுகிறதா என்று. பதினைந்து. இருபது. திடீரென்று அவள் சிரித்தாள், முன்வரிசை திரும்பும் அந்தப் பழைய சிரிப்பு. திரையில் நடிகன் இன்னும் வாயே திறக்கவில்லை. வசனம் சொல்லி முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் எழுத்துகளை அரை நொடி முன்னால் வைத்துவிட்டிருக்கிறாள். அடுத்த நகைச்சுவைக்கும் அம்மாதான் முந்தினாள். அதற்கடுத்ததற்கும்.

"அப்பா, எழுத்தக் கொஞ்சம் லேட் பண்ணு! அம்மா முன்னாடியே சிரிச்சு எல்லாத்தையும் கெடுக்குறா!"

ரிமோட்டில் நாலு தட்டுத் தட்டினால் போதும். அவருக்குத் தெரியும். ரிமோட்டை மெல்லத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

"பேட்டரி போச்சும்மா."

மனைவி அவர் உதட்டைப் படித்தாள். பிறகு தொடையைப் பார்த்தாள். மறுபடியும் எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள்.