ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த வீடு

என் குறிப்பேட்டில், சென்ற மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கு நேரே இப்படி இருக்கிறது: 'ஹடப்சரைத் தாண்டி வீடு பார்த்தோம். மூன்றாவது முறை. ஒன்பதாம் மாடி. லிஃப்ட் சீராக ஓடுகிறது. காற்று நன்று.' இப்போது படித்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

புனேயில், விஷ்ராந்த்வாடியில் நாங்கள் குடியிருக்கும் வீடு போக, அடுத்த தெருவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரே படுக்கையறை, இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வாடகையில்தான் வீடு நடக்கிறது. அதை விற்று, அதே விலைக்குப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கச் சொன்னான், கராடியில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி. சதுர அடி விலையைத் தவிர வேறு எதுவும் அவன் பேசவில்லை. பெட்ரோல் விலை ஏறுகிறதே, அவ்வளவு தூரத்துக்கு யார் குடிவருவார்கள் என்று கேட்டேன். எல்லாரும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார்கள் என்றான்.

டோக்கன் முன்பணம் கொடுக்க நாள் குறித்த பிறகு, ஜன்னல்களை அளந்து வரலாம் என்று மனைவி கிளப்பினாள். அன்று வியாழக்கிழமை. பராமரிப்பு வேலைக்காக புனேயில் மின்சாரத்தை நிறுத்துவது பெரும்பாலும் வியாழன்களில்தான். எத்தனையோ மின்வெட்டுகளைக் குறித்து வைத்திருக்கும் எனக்கு இது ஞாபகம் வரவில்லை.

போனபோது மின்சாரம் இல்லை. லிஃப்ட் வாசலில் ஓர் அறிவிப்பு: டீசல் விலை காரணமாக, மின்வெட்டின்போது ஜெனரேட்டர் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் மட்டுமே ஓடும். படியேறினோம். நான்காம் மாடியில் ஒரு பெண் காய்கறிப் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே வாடகைக்கு இருப்பவர். தண்ணீரும் லாரியில்தான் வருகிறதாம். டீசல் ஏறினால் லாரிக்காரன் ஏற்றுகிறான், பராமரிப்புக் கட்டணமும் ஏறுகிறது, கணவரின் பெட்ரோல் தனி என்று ஹிந்தியில் கொட்டித் தீர்த்தார். கடைசியில், விஷ்ராந்த்வாடிப் பக்கம் சின்ன வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா என்று எங்களையே கேட்டார்.

ஐந்தாம் மாடிப் படியில் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

"தேதி தேதியா எழுதி வெக்கிறீங்களே, கிழமையப் பாக்க மாட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமைன்னு எழுதியிருக்கேனே."

"மூணு தடவையும்."

அவள் அங்கிருந்தே தம்பிக்கு போன் போட்டாள்.

"உன் ஒம்பதாம் மாடிய நீயே வெச்சுக்கடா. என்னால அஞ்சுக்கு மேல முடியல."

"அக்கா, தீபாவளிக்குள்ள சோலார் போட்டுடுவாங்க. அப்புறம் வெல எகிறிடும்."

"எகிறட்டும். நாங்க எறங்குறோம்."

சிறு வீட்டை விற்கவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் அவன் ஒரு படம் அனுப்பினான். மொட்டைமாடி நிறைய சோலார் தகடுகள். வியாழனிலும் லிஃப்ட் ஓடுகிறது, நீங்கள்தான் கோட்டை விட்டீர்கள் மாமா என்று கீழே எழுதியிருந்தான். படத்தில் தேதி இல்லை. எந்தக் கட்டடத்து மாடி என்றும் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்க்க மனைவி சம்மதிக்கவில்லை. ஆகவே, அங்கே வியாழக்கிழமைகளில் லிஃப்ட் ஓடுகிறதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.