விலாவுக்குள்ள கேட்ட இரைச்சல்

எழுபதுகளோட கடைசி. மலேசியாவுல பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல எங்க வீட்டுக்காரரும் நானும் பால் மரம் வெட்டிப் பால் சேர்த்துக்கிட்டிருந்தோம். கல்லடைச்சுக் கெட்டுப்போன அவரோட கிட்னி ஒண்ணை டவுன் ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. எடுத்ததைக் காட்டுங்கன்னு நர்ஸுகிட்ட மல்லுக்கு நின்னேன். காட்டலை. அன்னிக்கே அந்த ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை போச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் அவருக்கு முதுகுல தைலம் தேய்க்கிறேன், தழும்புக்குப் பக்கத்துல விலாவுல என்னமோ அதிருது. காதை வச்சேன். குழாய்த் தண்ணி பாயுற மாதிரி இரைச்சல். எதையோ உள்ளே வச்சுத் தைச்சுட்டானுங்கன்னுதான் நெனச்சேன்.

அவர் நேரா கோயில் பூசாரிகிட்டப் போனாரு. பூசாரி தொட்டுப் பார்த்துட்டு, "தங்கச்சி, ஆத்தா வந்து உக்காந்திருக்கா லா"ன்னு என்கிட்ட சொன்னாரு. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையானா லயத்து வீட்டுச் சனமெல்லாம் எங்க வாசல்ல வரிசை. எலுமிச்சம்பழத்தை அவர் விலாவுல ஒத்தி எடுத்துட்டுப் போகும். வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற மனுஷன், சட்டையைக் கழட்டிட்டு உக்காந்திருப்பாரு. அதுவரைக்கும் டேய்னு கூப்பிட்டு வேலை வாங்கின தண்டல்கூட அண்ணேன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு.

எனக்கு மட்டும் மனசு ஒப்பலை. ஆத்தா வந்த உடம்புக்கு மேட்டு நிரையில மரம் வெட்ட ஏறினா ஏன் மூச்சு வாங்குது? காலு ஏன் வீங்குது? படுத்தா அடைக்குதுன்னு சுவத்துல சாஞ்சே தூங்குறாரு. கேட்டா, "சாமி பாரம் லா"ன்னு சிரிப்பாரு. பூசாரி மேலயும் சந்தேகம், ஆஸ்பத்திரி மேலயும் சந்தேகம். ஆனா இப்படியே விட்டா மனுஷன் போயிடுவாரு. பூசின விபூதியோட டாக்சியில ஏத்தி, அதே ஆஸ்பத்திரிக்கே இழுத்துட்டுப் போனேன்.

அங்க புதுசா வந்திருந்த தமிழ் டாக்டர் முதுகுல காதுக்குழாயை வச்சவரு, ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. கிட்னிக்குப் போன ரெண்டு ரத்தக்குழாயையும் அன்னிக்குச் சேர்த்துக் கட்டியிருக்காங்க. அது உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு தொறந்துக்கிச்சாம். ரத்தம் குறுக்கு வழியில பாய்ஞ்சு பாய்ஞ்சு இருதயம் ஓய்ஞ்சு போச்சாம். உடனே ஆபரேஷன் பண்ணணும், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆள் இல்லைன்னாரு. அதையும் மூணு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் சம்மதிச்சேன்.

மறுபடியும் வெட்டித் தனித்தனியா கட்டினாங்க. கண்ணு தெளிஞ்சதும் அவர் கேட்ட மொதக் கேள்வி, "ஆத்தா இருக்காளா, பாரு."

கட்டு மேல மெதுவா கையை வச்சேன். ஒரு அதிர்வும் இல்லை. மூச்சு மட்டும் சீரா ஏறி இறங்குது.

"இருக்கா"ன்னேன்.

ஊரையே சந்தேகப்படுறவ சொன்ன பொய்யை அவரு அப்படியே நம்பினாரு. நம்பிட்டு, மல்லாக்கப் படுத்துத் தூங்கினாரு.