பதினோரு ‘நலம்’

எங்கள் அலுவலகத்தில் ‘கடைசி’ என்ற சொல்லுக்குத் தடை. மேலாளர் அப்படி. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், திருப்பிக் கூப்பிட்டு ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல வைக்கிற ஊர்க்காரர். கணினிக்கும் அதே சட்டம்தான்.

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு, கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்துக்கு அடையாள அட்டை தயாரித்துக் கொடுத்தோம். விவரங்கள் இருந்தது ஒரு மெய்நிகர் கணினியில். பெரிய கணினிக்குள் மென்பொருளாக மட்டும் ஓடுகிற இன்னொரு கணினி அது. அதன் சேமிப்பு வட்டு இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். அதை எடுப்பது என் வேலை. முதலில் எடுத்ததற்கு ‘கடைசி நிலை’ என்று பெயர் வைத்தேன். மேலாளர் பார்த்துவிட்டார்.

“ஏத்தா, நல்ல வார்த்தையே கெடைக்கலையா ஒனக்கு?”

‘நலம்’ என்று மாற்றினேன். அடுத்ததும் நலம், அதற்கடுத்ததும் நலம். கணினி தன் பங்குக்கு ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஓர் அடையாள எண் கொடுத்தது. எண்ணும் எழுத்தும் கலந்து, பார்த்தாலே எரிச்சல் வரும். நான் அதைச் சீந்தவே இல்லை.

பக்கத்து மேசைக்காரி புதுமடத்துப் பெண். மூன்று வாரமாகப் பாசிக்காரப் பெண்களை உட்காரவைத்து விவரமும் கைரேகையும் பதிந்தவள் அவள்தான். பாறையில் பாசி பறித்துப் பறித்து அவர்கள் விரலெல்லாம் கீறல். ஒரு ரேகை ஒழுங்காக விழுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். நான் எடுக்கும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டின் எண்ணையும் டைரியில் எழுதிக்கொள்வாள். “என்ன, ஜாதகம் குறிக்கிறியா?” என்று கேலி செய்வேன்.

அட்டை அச்சடிக்க வேண்டிய அன்று காலை நான் ஒரு அப்டேட் போட்டேன். மென்பொருள் படுத்துவிட்டது. இதற்கெல்லாம் பயப்படுகிற ஆளா நான்? வீறாப்பாக மீட்புக் கட்டளையில் ‘நலம்’ என்று தட்டினேன். கணினி முதலில் கண்ணில் பட்ட நலத்தை எடுத்துக்கொண்டது. திரையில் ஒரு பெண்கூட இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய வெறும் பட்டியல்.

அத்தனை பேரையும் மறுபடி வரவழைத்து, அந்த விரல்களை மறுபடி ரேகைக் கருவியின் கண்ணாடியில் அழுத்தச் சொல்ல வேண்டுமா? பக்கத்து மேசைக்காரியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“என்னக்கா பண்ணீக?”

“நலம்னு போட்டேன்.”

“எந்த நலம்? பதினொண்ணு கெடக்குல்ல?”

திட்டுவாள் என்று நினைத்தேன். டைரியைத்தான் எடுத்தாள். நேற்று மாலை எடுத்ததன் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். மளமளவென்று தட்டியே பழகிய நான், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டினேன். “யா அல்லாஹ்” என்று அவள் முணுமுணுத்தது கேட்டது.

பட்டியல் வந்தது. மொத்தம் எத்தனை பேர் என்றுகூட அவள் பார்க்கவில்லை. நேராக ஒரே ஒரு பெயரைத் திறந்தாள். ரேகை விழவில்லை என்று பாம்பன் பாலம் தாண்டி மூன்று தடவை பஸ் ஏறி வந்த அம்மா அவர். நடுவிரலில் குறுக்கே ஓடும் வெட்டுத் தழும்போடு ரேகை பத்திரமாக இருந்தது.

“இவுகள நாலாவது வாட்டி கூப்பிட எனக்கு வாய் வராதுக்கா” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அந்த அம்மாவின் அட்டையைத்தான் முதலில் அச்சடித்தோம்.