நான் வேகவைத்த குப்பி

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமியியல் ஆய்வகத்துக்குப் பல வருடங்கள் பொறுப்பாளராக இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை ஓய்வுபெற்ற பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. போன மாசியில்தான் சொன்னேன்.

ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டுவிரியன் கடி. மூச்சு நின்றுபோய் வென்டிலேட்டர் வைத்திருந்தது. விஷமுறிவு மருந்து வேலை செய்தது. ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து விரலை அசைத்தார். துபாயில் வேலை பார்த்த இளைய மகன் வந்து சேர்ந்ததும் அன்றைக்குத்தான். ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது.

மூச்சுக்குழாய்ச் சளியை என்னிடம் அனுப்பினார்கள். வளர்ந்தது அசினெட்டோபாக்டர் என்ற கிருமி. நல்ல உடம்போடு நடமாடுகிறவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. குழாய் செருகிப் படுத்திருப்பவர்களைத்தான் பிடிக்கும். தட்டில் நான் வைத்திருந்த மருந்து வில்லைகளை ஒட்டி அது தாராளமாக வளர்ந்திருந்தது. கோலிஸ்டின் என்கிற கடைசிக்கட்ட மருந்தின் வில்லையைச் சுற்றி மட்டும் சிறியதாக, கிருமி வளராத ஒரு தெளிந்த வட்டம்.

அந்த வட்டத்தை நம்பக் கூடாது. கோலிஸ்டின் தட்டில் சரியாகப் பரவாது. அதைத் திரவத்தில் பல அளவுகளில் கலந்து, கிருமியைச் சேர்த்து, எந்தக் குழாய் கலங்குகிறது என்று மறுநாள் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு நானே நடத்திய பாடம் இது. அன்று சனிக்கிழமை. மறுநாள் நார்த்தாமலையில் என் தங்கை பேத்திக்குக் காது குத்து, சாயங்காலமே கிளம்பியாக வேண்டும். ‘கோலிஸ்டினுக்குக் கட்டுப்படும்’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசு கேட்காமல் திரவச் சோதனையையும் வைத்துவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லாக் குழாய்களும் கலங்கியிருந்தன. அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கோலிஸ்டினுக்குக் கிருமி அடங்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவு ஒரு மாடி மேலே. இன்டர்காமை எடுத்தால் போதும். வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அந்த அம்மா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடுத்தால் சனிக்கிழமைக் கையெழுத்தைப் பற்றிக் கேட்பார்கள். இன்னொரு முறை சோதித்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் இறந்துபோனார்.

அப்போது நான் வேறு வேலையாக மேலே போயிருந்தேன். வராந்தாவில் இரண்டு மகன்களும் நின்றார்கள். பார்க்க வருகிறவர்கள் கையிலிருந்தும் தொற்று வரும் என்று அங்கிருந்த டாக்டர் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தார். இளையவர் உள்ளே போன அன்று வென்டிலேட்டர் குழாய் கழன்று மணி அடித்திருக்கிறது. நர்ஸ் எட்டாவது கட்டில் நோயாளியிடம் இருந்தார். பதற்றத்தில் இவரே வெறுங்கையால் எடுத்துச் செருகிவிட்டார்.

மூத்தவர் சத்தம் போடவில்லை. “நீ கைய வச்ச மறுநாளுதான்டா காச்சலு வந்துச்சு. பாம்பு விட்ட உசுர நீ எடுத்துட்ட” என்றார்.

இளையவர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். “நான் கை வச்சதாலயா சார்?”

“இருக்கலாம்” என்றேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தீவிர சிகிச்சை வார்டில் எடுத்த அசினெட்டோபாக்டர் கிருமிகளின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்க்க விரும்பினார்கள். அப்படிப்பட்ட கிருமிகளைச் சின்னக் குப்பிகளில் உறையவைத்துச் சேமிப்பது வழக்கம். ஏழு இருந்தன. மரபணுவைப் படித்தால் எது எதோடு உறவு என்று தெரியும். எந்த மருந்துக்கு ஏன் அடங்கவில்லை என்பதும் தெரியும். அதன் பக்கத்தில் என் அறிக்கையை வைத்துப் பார்ப்பார்கள்.

அந்த அம்மாவின் குப்பியை வெளியே எடுத்தேன். கழிவுகளோடு ஆட்டோகிளேவில் வைத்து மூடியை இறுக்கினேன். அதுவும் குக்கர் மாதிரிதான். ஆவி அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பதிவேட்டில் ‘உயிர்ப்பில்லை’ என்று எழுதினேன். எழுதிய நேரத்தில் அது உண்மைதான்.

மற்ற ஆறின் முடிவும் நான் ஓய்வுபெற்ற பிறகு மின்னஞ்சலில் வந்தது. கந்தர்வக்கோட்டையில் என் வீட்டில் உட்கார்ந்து திறந்தேன். வம்சவரைபடம் மாதிரி ஒரு படம். ஆறும் ஒரே கிளையில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறிலும் கோலிஸ்டினுக்கு அடங்காத மரபணு மாற்றம் இருந்தது. அவற்றில் மூத்தது, அந்த அம்மாவைப் பாம்பு கடிப்பதற்கு மூன்று வாரம் முன்பு அதே வார்டின் வென்டிலேட்டர் குழாய் ஒன்றிலிருந்து வழக்கமான சோதனைக்காக நான் துடைத்தெடுத்தது.

ஏழாவது குப்பியும் போயிருந்தால் அதே கிளையில் ஒட்டியிருக்கும், அது வார்டிலேயே இருந்த கிருமி, மகன் கையோடு வந்ததல்ல என்று தெரிந்திருக்கும். என் பிழையை மறைக்க நான் அழித்தது அவருக்கு இருந்த ஒரே சாட்சியை.

அதற்கு மேலும் நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு பஸ் ஏறினேன். பரிசோதனைச் சீட்டில் இருந்த ஊர்ப் பெயர் எனக்கு மறக்கவில்லை.

இளையவர் துபாய்க்குத் திரும்பிப் போகவேயில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையில் தோல் உரிந்து, விரல் இடுக்குகளில் வெள்ளையாக வெடித்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அப்படி ஆகிவிட்டது, பெற்ற பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். ஒட்டினாற்போல் அடுத்த வீடு அண்ணனுடையது. ஆத்தா போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லையாம்.

கையெழுத்து, கலங்கிய குழாய், வேகவைத்த குப்பி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் இளையவர், “அப்ப நான் இல்ல” என்றார்.

“பெரும்பாலும் நீங்க இல்லை.”

பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார்.

“இதுல பெரும்பாலும்னு இருக்கே சார். அத மட்டும் அடிச்சிருங்க.”

என்னால் முடியவில்லை. அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட ஒரு நொடி ஆகாது. ஆனால் சோதிக்காததைச் சோதித்ததாகக் காட்டிப் போட்ட கையெழுத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. குப்பி இருந்திருந்தால் நிச்சயமாகச் சொல்லலாம், இல்லாததால் இவ்வளவுதான் எழுத முடியும் என்றேன்.

“அன்னைக்கி இருக்கலாம்னு சொல்றதுக்கு மட்டும் ஒங்களுக்குக் குப்பி தேவப்படல” என்றார்.

அவர் எழுந்தார். “வாங்க. எங்கண்ணன்ட்ட வந்து வாயால சொல்லுங்க.”

அண்ணன் வாசலில் கடலைக்கொடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். தம்பி படிக்கு வெளியே நின்றுகொண்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அண்ணன் கை நிற்கவில்லை. பெரும்பாலும் என்ற இடம் வந்ததும் நின்றது.

“அப்ப அவன் இல்லேன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.”

“முடியாது. அத நான்தான் இல்லாமப் பண்ணிட்டேன். ஆனா அன்னைக்கு வராந்தாவுல இருக்கலாம்னு நான் சொன்னது, தப்பிக்கிறதுக்காகச் சொன்னது. அப்ப என் மேசையில, குடுத்த மருந்து கேக்காதுங்கிற முடிவு இருந்துச்சு.”

“திங்கக்கிழமையே மாடிக்குச் சொல்லியிருந்தா ஆத்தா பொழச்சிருக்குமா?”

“தெரியாதுங்க. பொழச்சிருக்கவும் கூடும்.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவே வந்திருந்தேன். அவர் மடியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டி வாசல்படியைப் பார்த்தார்.

“இவரக் கொண்டுபோயி பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு வா” என்றார் தம்பியிடம். “வந்துட்டு இங்கிட்டு வா.”

தம்பி வண்டியை எடுத்தார். ஆவுடையார்கோவிலில் நான் இறங்கியதும், பஸ் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார்.