வாய் தெரியும்படி ஒரு டிஸ்க்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் நிஷாந்தியின் கடை இருக்கிறது. பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றிக்கொடுப்பதுதான் வேலை. கல்யாண வீடுகளில் கேமராக்காரர்களுக்கு லைட் பிடித்துத் திரிந்து, கணினியில் படம் வெட்டப் பழகி, கடைசியில் தனக்கென்று இந்த அறையை எடுத்தவள். வருகிறவர்கள் கேட்பது இரண்டே இரண்டு: முழுக் கல்யாணமும் ஒரே டிஸ்க்கில் அடங்க வேண்டும், முகங்கள் பளபளவென்று இருக்க வேண்டும். அப்படியே செய்துகொடுத்து வந்தாள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

முதன்முதலில் திருப்பிக் கொண்டுவந்தவள் மீனம்மாதான்.

றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் மீனம்மா. சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு இருந்தது. எதிரில் நிற்பவர் சொல்வதை வாயசைவைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். புருஷன் ஆண்டியப்பனும் கூட வந்திருந்தான். கொண்டுவந்தது அவர்கள் இருவரின் கல்யாண டிஸ்க்.

"வாய் தெரியல தங்கச்சி" என்றாள்.

"யாரு வாய் அக்கா?"

"எங்கப்பா வாய்."

டிஸ்க்கைப் போட்டுக் காட்டினாள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையை ஓரமாக இழுத்துப்போய், விரலை நீட்டி என்னவோ சொல்கிறார். முகம் கடுகடுவென்று இருக்கிறது. ஒலிபெருக்கிப் பாட்டைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமில்ல. காது கேக்காத புள்ளய வச்சி எவன் வாழுவான்னு அம்மாகிட்ட சொன்னத என் கண்ணால பாத்தேன். இவருகிட்ட என்ன சொன்னாருன்னு தெரியல. அந்த வருசமே செத்துப் போயிட்டாரு."

ஆண்டியப்பன் நெளிந்தான். "கொழாய்ப் பாட்டுச் சத்தத்துல எனக்கு ஒன்னும் கேக்கலம்மா. மாமனாராச்சேன்னு தலைய ஆட்டி வச்சேன். நான் மறைக்கிறேன்னே இவ நெனைக்கிறா."

நிஷாந்தி படத்தை நிறுத்திப் பார்த்தாள். பெரியவரின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ மினுங்கியது. அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தது போதாதென்று, முகத்தை வழவழப்பாக்கும் வசதியையும் போட்டுவிட்டிருந்தாள். அது உதட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

டிஸ்க் கொடுத்ததும் கணினியில் இருந்ததை அழித்தாயிற்று. கேசட்டைத்தான் திரும்ப ஓட்ட வேண்டும். வாங்கிப் பார்த்தால், மலை ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம்.

"ஓட்டினா அறுந்தாலும் அறுந்துரும்க்கா" என்றாள், மீனம்மாவுக்கு நேராக முகத்தை வைத்து.

"அறுந்தா போவுது. ஓட்டு."

மறுநாள் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். பிறகு கேசட் ஓட்டும் டெக்கில் போட்டு, நிறுத்தும் பொத்தானிலேயே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு இடத்தில் படம் கிழிந்து நடுங்கியது. பெரியவர் வந்தார், விரலை நீட்டினார், பேசி முடித்தார். நாடா அறுபடவில்லை. அப்போதுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

இந்த முறை வழவழப்பைத் தொடவில்லை. ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் என்று மூன்றாகப் பிரித்து, டிஸ்க் தாங்குகிற அளவுக்குப் படத்துக்கு இடம் கொடுத்தாள். கணினியை இரண்டு தடவை ஓடவிட்டாள்: முதல் தடவை எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக்கொள்ள, அடுத்த தடவை அந்தக் காட்சிகளுக்கு டிஸ்க்கில் கூடுதல் இடம் ஒதுக்க. கேசட் படத்தின் ஒற்றைப்படை வரிசைக் கோடுகளும் இரட்டைப்படை வரிசைக் கோடுகளும் டிஸ்க்கில் ஏற்றும்போது முன்பின்னாக மாறியிருந்ததால்தான் கை அசையும்போதெல்லாம் உதறியது என்பதும் தெரிந்தது. அதையும் சரிசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மீனம்மா டீவிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முதல் முறை ஓடி முடிந்ததும், "இன்னொருக்கா" என்றாள். அடுத்த முறை அப்பாவின் வாயோடு அவள் வாயும் மெல்ல அசைந்தது.

"பின்னால நின்னு கூப்புடாதீங்க மாப்புள்ள... முன்னுக்கு வந்து பேசுங்க. ராவுல ஏதும் சொல்லணும்னா... வெளக்க பொருத்திட்டு சொல்லுங்க. இருட்டுல அவளுக்கு... ஒன்னும் வெளங்காது."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நிஷாந்திக்குப் பிடிபடவில்லை.

"இதுக்கா மாமா அப்புடி மொறைச்சீங்க!" என்று ஆண்டியப்பன் டீவியைப் பார்த்தே கேட்டான். அவன் தோள் தளர்ந்து இறங்கியது.

"நீ மறைக்கலதான்" என்று மீனம்மா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இன்னொருக்கா போடு தங்கச்சி."

அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு நிஷாந்தி கீழே இறங்கினாள். பெரியவர் என்ன சொல்லியிருப்பாரோ என்ற பயத்தில் காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை. பக்கத்தில் ஷிஹாப் நானாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும் வாங்கி, நின்றபடியே வயிறு நிறையச் சாப்பிட்டாள்.