தேவி அக்கா வரிசையில் 'கடல்'

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: படகுக் கொட்டகைக் கணினியின் மவுஸ் இன்று காலை காலமானது. வால் மட்டும் பொதுமக்கள் அஞ்சலிக்கு வைக்கப்படும்."

மாமல்லபுரம் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டது நான். அதற்குக் கீழேயே பாலு அண்ணன் எழுதினார்: "தேவி அக்கா போயிட்டாங்க." என் பாணியில் பதிலுக்குக் கலாய்க்கிறார் என்று நினைத்துச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, நெஞ்சுவலி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பொம்மையை அழித்துவிட்டேன். ஆனால் அக்காவைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அதற்குள் பார்த்துவிட்டீர்கள்.

படகுக் கொட்டகையில் பதிவு பார்த்தவர் அக்கா. விடியுமுன் கிளம்பும் படகுகளைக் கணினி அட்டவணையில் ஏற்றுவார். 'கடல்' என்று அடித்தால் அந்த வரிசை சிவப்பாகும். படகு திரும்பியதும் 'கரை' என்று மாற்றுவார், வெள்ளையாகிவிடும். போனில் சொன்னால் மாற்ற மாட்டார். "கண்ணால பாத்தாதான் கரை" என்பார். கடைசி வரிசை அவருடையது: தேவி, கரை.

"நீ இன்னாத்துக்குக்கா இதுல?"

"கரையில ஒரு ஆள் கீதுன்னு யாராவது எழுத வேணாமாடா?"

அட்டவணை போட அக்கா இலவச லிப்ரே ஆபீஸ் கட்சி. நான், அப்பாவின் மடிக்கணினி உபயத்தில், காசு கட்டும் எக்செல் கட்சி.

"உன்னுது வாடகை வூடு நைனா. வாடகை நின்னா பூட்டிடுவான். என்னுது சொந்த வூடு."

"சொந்த வூடுதான்க்கா, கூரைதான் ஒழுவுது."

"டப்பு குடுத்தா கடலு சீக்கிரம் திருப்பி அனுப்புமா?"

அந்தக் கணக்குக்கு எக்செலில் சூத்திரம் கிடையாது.

அக்கா போன மறுநாள் பாலு அண்ணன் கோப்பைத் திறந்தார். கடைசி வரிசை சிவப்பாக இருந்தது: தேவி, கடல். 'கரை' என்று மாற்றிச் சேமித்தார். அடுத்த நாள் திறந்தால் மறுபடியும் கடல். மூன்றாம் நாளும் அதே.

"அக்கா தண்ணில கீது" என்றார் மெதுவாக. அதன்பின் யாரும் கணினிப் பக்கமே போகவில்லை. படகுகள் பதிவில்லாமல் போயின. அவற்றில் ஒன்று இயந்திரம் நின்று மதியம்வரை மிதந்திருக்கிறது. அது வரவில்லை என்பதே கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்கள் பிழைத்து வந்தது அதிர்ஷ்டம்.

மறுநாள் மடிக்கணினியோடு போய் அதே கோப்பை எக்செலில் திறந்தேன். தேவி, கரை. மூடித் திறந்தேன், கரைதான். "பேய் ஓட்ட வேப்பிலை வேணாம்ணா, லைசென்ஸ் போதும்" என்று எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொண்டேன். பதிவு மறுபடி தொடங்கியது.

பேயை நான் ஓட்டவில்லை. அந்தப் பேயே நான்தான். சில மாதங்களுக்கு முன் அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில், கோப்பைத் திறந்ததும் அவர் வரிசையைக் 'கடல்' ஆக்கும் சின்ன நிரல் ஒன்றை விளையாட்டாக உள்ளே ஒளித்து வைத்தேன். அது லிப்ரேயில்தான் ஓடும், எக்செலில் ஓடாது. அக்கா ஒருநாளும் திட்டவில்லை. கண்டுபிடிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

நேற்று அதை அழிக்கப் போனேன். என் நிரல் வரிகளுக்குக் கீழே நான் எழுதாத ஒரு வரி இருந்தது.

"பாத்துட்டேன்டா. இருக்கட்டும். தெனம் ஒரு தபா யாரோ என்னத் தேடுற மாதிரி கீது."

அழிக்கவில்லை. படகுகளை வேறு கோப்புக்கு மாற்றிவிட்டேன், லிப்ரேயில்தான். பழைய கோப்பை நான் வைத்துக்கொண்டேன். தினமும் ஒருமுறை திறக்கிறேன், சிவப்பாகவே வருகிறது. 'கரை' என்று மாற்ற, கண்ணால் பார்க்க வேண்டுமே.